காசக் கிருமியின் பங்காளிகள்



வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவனை உலகம் பேதை என்று சொல்லும். சிவந்ததெல்லாம் காசக் கிருமி என்று நம்பியிருந்த ஒரு வைத்தியனை என்னவென்று சொல்வது? அந்த வைத்தியன் வேறு யாருமல்லன். இப்பொழுது உங்களோடு பேசிக்கொண்டிருக்கும் நான்தான். என் அறியாமை எவ்வாறு நீங்கிற்று என்பதையும், நீங்கிய வழியில் நான் கற்றுக்கொண்ட சில செய்திகளையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1990-களின் பிற்பகுதி அது. காவிரிக் கரையிலுள்ள ஓர் ஊரின் மருத்துவமனையில் நெஞ்சு நோய்ப் பிரிவில் நான் பணிசெய்துவந்தேன். அறுபது வயதை நெருங்கிய ஓர் அம்மையார் இருமலோடு வந்தார். மெலிந்த தேகம். வெற்றிலைக் கொடிக்காலில் நெடுங்காலம் உழைத்தவர். இரண்டு மாதமாக இருமல், மாலையில் காய்ச்சல், சளியில் எப்போதாவது இரத்தக் கீற்று. சளியைச் சோதித்தோம். நீலப் பின்னணியில் செந்நிறக் குச்சிகளைப் போன்ற கிருமிகள் தெரிந்தன. எக்ஸ்-ரே படத்திலும் நுரையீரலில் நிழல் இருந்தது. ஐயத்துக்கு இடமேது? காசநோய் என்று எழுதி, ஆறு மாத மருந்துக்கு ஏற்பாடு செய்தேன்.

ஆறு மாதம் முடிந்தது. இருமல் முடியவில்லை. சளியில் செந்நிறக் குச்சிகள் அப்படியே இருந்தன. மருந்தை ஒழுங்காக உண்ணவில்லையோ என்று அம்மையாரைக் கடிந்துகொண்டேன். அவர் வெறும் மாத்திரைத் தாள்களைச் சேர்த்து முடிந்துவைத்திருந்த ஒரு துணி மூட்டையை எடுத்து என் மேசைமேல் வைத்தார். ஒன்றைக்கூட அவர் தவறவிடவில்லை. ஆயினும் என் எண்ணம் மாறவில்லை. கிருமி மருந்துக்கு வசப்படாதது போலும் என்று கருதி, ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் சேர்த்து இரண்டாம் முறை சிகிச்சை தொடங்கினேன். ஊசியினால் தலைசுற்றல் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கும் நிலைக்கு அவர் ஆளானார். இருமலோ நின்றபாடில்லை.

இவற்றையெல்லாம்விட அவரை வருத்தியது வேறொன்று. வீட்டிலே அவருக்கென்று தனித் தட்டு, தனித் தம்ளர், திண்ணையிலே தனிப் படுக்கை. நான்கு வயதுப் பேத்தி பாட்டியின் அருகே போகக் கூடாது என்பது கண்டிப்பான கட்டளை. இதில் வீட்டாரைக் குறைசொல்லிப் பயனில்லை. காசநோய் என்று எழுதிக்கொடுத்தவன் நானல்லவா?

கடைசியில், தோல்வியை ஒப்புக்கொள்ளும் மனநிலையில், அவருடைய சளியைச் சென்னையிலுள்ள ஓர் ஆய்வுக்கூடத்துக்குக் கிருமி வளர்ப்புச் சோதனைக்காக அனுப்பினேன். சில வாரம் கழித்துப் பதில் வந்தது. கிருமி வளர்ந்திருக்கிறது, ஆனால் அது காசக் கிருமி அன்று, மைக்கோபாக்டீரியம் ஏவியம் என்னும் வேறொரு கிருமி. இவ்வளவுதான் அந்தக் கடிதம். கல்லூரியில் அந்தப் பெயரை ஒரு வரியில் படித்துத் தேர்வு முடிந்ததும் மறந்திருந்தேன். அந்த ஒரு வரி ஓர் அம்மையாரின் இரண்டு ஆண்டு வாழ்க்கையை விழுங்கியிருந்தது.

நேயர்களே! நம் நாட்டுக் குடும்பங்களிலே பங்காளிகள் என்று சொல்கிறோம். ஒரே பாட்டனார் வழி வந்தவர்கள், முகச்சாயல் ஒன்று, குணமோ வேறு வேறு. காசக் கிருமிக்கும் அத்தகைய பங்காளிகள் பலர் உண்டு. அக்குடும்பத்துக்கு மைக்கோபாக்டீரியம் என்று பெயர். காசநோயையும் தொழுநோயையும் உண்டாக்கும் கிருமிகள் அக்குடும்பத்தின் பேர்பெற்ற உறுப்பினர்கள். இவற்றைத் தவிர, இருநூறை நெருங்கும் எண்ணிக்கையில் மற்ற இனங்கள் இருக்கின்றன. அவற்றையே காசமல்லாத மைக்கோபாக்டீரியங்கள் என்கிறோம்.

முகச்சாயல் ஏன் ஒன்றாக இருக்கிறது? 1882-ஆம் ஆண்டு மார்ச்சு 24-ஆம் நாள் பெர்லின் நகரில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தார். அக்கிருமிக்குச் சாயமேற்றும் முறையை எர்லிக், சீல், நீல்சன் ஆகிய ஜெர்மானிய அறிஞர்கள் செம்மைப்படுத்தினர். சளியைக் கண்ணாடிச் சில்லில் தடவிச் செஞ்சாயம் ஊற்றிச் சூடேற்றுவார்கள். பிறகு அமிலத்தால் கழுவுவார்கள். மற்றக் கிருமிகள் சாயத்தை இழந்துவிடும். இக்குடும்பத்துக் கிருமிகள்மட்டும் இழப்பதில்லை. காரணம் யாதெனில், இவற்றின் உடலைச் சுற்றி மெழுகு போன்ற கொழுப்புறை ஒன்று அமைந்திருக்கிறது. உட்புகுந்த சாயத்தை அது வெளிவிடாது. இறுதியில் நீலச் சாயம் ஊற்றினால், நீல வெளியிலே சிவந்த குச்சிகளாக இவை மட்டும் காட்சி தரும்.

இந்த முறை மிக எளியது, செலவு குறைந்தது, கோடிக்கணக்கான உயிர்களைக் காக்க உதவியது. ஆனால் அது சொல்வது குடும்பப் பெயரை மட்டுமே. ஆளின் பெயரை அன்று. காசநோய் மிகுந்த நாட்டில் செந்நிறக் குச்சி கண்டால் பெரும்பாலும் அது காசக் கிருமியாகவே இருக்கும். பெரும்பாலும் என்ற அந்தச் சொல்லை நான் மறந்துவிட்டேன். அதுதான் என் பிழை.

சரி, இந்தப் பங்காளிகளின் இருப்பிடம் எது? காசக் கிருமி மனிதனிடமிருந்து மனிதனுக்குப் பரவுவது. மனித உடலை விட்டால் அதற்கு நிலையான வீடு இல்லை. பங்காளிகளோ மண்ணிலும் நீரிலும் வாழ்கிறவர்கள். குளம், ஆறு, தோட்டத்து மண், புழுதி, வீட்டுக் குழாயின் உட்புறம் ஆகிய எங்கும் உண்டு. 1903-ஆம் ஆண்டு பெர்லினில் ஆமைகளின் நுரையீரலில் ஓர் இனத்தைப் பிரீட்மன் என்பவர் கண்டார். 1926-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து மீன் காட்சிசாலையில் இறந்த மீன்களிடம் மற்றோர் இனத்தை ஆரன்சன் கண்டார். பின்னாளில் நீச்சற்குளங்களில் கையையும் காலையும் சிராய்த்துக்கொண்டவர்களின் தோலில் புண் உண்டாக்கியதும் அதே இனந்தான். நான் முன்பு சொன்ன ஏவியம் என்பதன் பெயரே பறவையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கோழிகளுக்கு அது காசம் போன்ற நோயைத் தருவதுண்டு.

மெழுகுறை இவற்றுக்கு ஒரு கவசம். குடிநீரைத் தூய்மை செய்யக் குளோரின் கலக்கிறோம். குடலில் வாழும் சாதாரணக் கிருமி எளிதில் மாண்டுபோகும் அளவிலே ஏவியம் கலங்காது. அதைக் கொல்லப் பல நூறு மடங்கு வலிமை வேண்டும். இதில் ஒரு விந்தையைப் பாருங்கள். குளோரின் மற்றக் கிருமிகளைக் களைந்துவிடுவதால், போட்டியாளர் இல்லாத குழாயில் இவை வளமாக வாழ்கின்றன. குழாயின் உட்சுவரில் வழுவழுப்பான படலமாகப் படிந்து ஒட்டிக்கொள்கின்றன. 2009-ஆம் ஆண்டு நார்மன் பேஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் பல நகரங்களில், குளிக்கும் ஷவர்த் தலைகளின் உட்படலத்தை ஆராய்ந்தனர். வந்துசேரும் தண்ணீரில் இருப்பதைக் காட்டிலும் நூறு மடங்குக்கு மேலாக ஏவியம் அங்கே செறிந்திருப்பதை அவர்கள் கண்டனர்.

உடனே வீட்டுக் குழாயைக் கண்டு அஞ்சவேண்டாம். நாம் ஒவ்வொருவரும் நாள்தோறும் இக்கிருமிகளை அருந்துகிறோம், சுவாசிக்கிறோம். நலமான நுரையீரல் அவற்றைச் சளியோடு வெளியே தள்ளிவிடுகிறது. அல்லது உடலின் காவற் செல்கள் விழுங்கிவிடுகின்றன. காவல் தளர்ந்த வீட்டிலேதான் திருடன் நுழைகிறான். பழைய காசநோயின் தழும்பு உள்ளவர்கள், மூச்சுக்குழல் விரிந்து சளி தேங்குகிறவர்கள், சுரங்கத்திலும் கல்லுடைப்பிலும் தூசியை விழுங்கியவர்கள், நெடுங்காலம் புகை பிடித்தவர்கள் ஆகியோரிடம் இவை குடியேறுகின்றன. 1980-களில் எய்ட்ஸ் நோய் பரவியபோது, எதிர்ப்புச் சக்தியை முற்றும் இழந்த நோயாளிகளின் உடலெங்கும் ஏவியம் பரவக் கண்டு மருத்துவ உலகம் திடுக்கிட்டது. 1989-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சி மற்றோர் உண்மையைக் காட்டிற்று. புகை பிடிக்காத, முன்பு நுரையீரல் நோய் எதுவும் இல்லாத, வயது முதிர்ந்த பெண்களிடமும் இந்நோய் வரக்கூடும் என்பதே அது. அத்தகைய பெண்கள் பெரும்பாலும் மெலிந்த, நெடிய தேகம் உடையவர்கள் என்பதையும் பின்வந்த ஆராய்ச்சியாளர்கள் குறித்தார்கள். அதைப் படித்தபோது என் மனக்கண்முன் கொடிக்காலில் உழைத்த அந்த அம்மையாரே வந்து நின்றார்.

இனி, இப்பங்காளிகளை வகைப்படுத்திய கதையைக் கேளுங்கள். 1950-களில் அமெரிக்காவில் காசநோய்க்கு நல்ல மருந்துகள் கிடைத்தன; நோய் குறையத் தொடங்கிற்று. நீர் வற்றிய ஏரியிலே பாறைகள் தலைகாட்டுவதுபோல, அதுவரை மறைந்திருந்த வேறு கிருமிகள் அப்போது கண்ணுக்குப் பட்டன. 1953-ஆம் ஆண்டு கன்சாஸ் நகரத்தில் பூலர், போலக் என்ற இருவர், நோயாளிகளிடமிருந்து மஞ்சள் நிறத்தில் வளர்ந்த ஒரு கிருமியைப் பற்றி எழுதினார்கள். ஜார்ஜியா மாநிலத்து ரோம் நகரிலிருந்த அரசாங்கக் காசநோய் மருத்துவமனையில் வேறோர் இனம் கிடைத்தது. மருத்துவர்கள் இவற்றை நெறிபிறழ்ந்தவை என்று அழைத்து ஒதுக்கிவிட முற்பட்டார்கள். பெயர் தெரியாததை ஒதுக்கிவிடுவது மனித இயல்பு.

எர்னஸ்ட் ரன்யன் என்பவர் ஒதுக்கவில்லை. பல ஊர்களிலிருந்து வந்த கிருமிகளைக் குப்பிகளில் வளர்த்துப் பார்த்தார். அவர் கேட்ட கேள்விகள் பள்ளி மாணவனும் கேட்கக்கூடியவை. இருட்டில் வளர்ந்தால் என்ன நிறம்? வெளிச்சம் காட்டினால் என்ன நிறம்? வளர எத்தனை நாள் பிடிக்கிறது? வெளிச்சம் பட்ட பிறகே மஞ்சளாவது ஒரு வகை; கன்சாஸ் கிருமி இதைச் சேர்ந்தது. இருட்டிலும் மஞ்சளாகவே வளர்வது இரண்டாம் வகை. நிறமே பெறாதது மூன்றாம் வகை, ஏவியம் இவ்வகை. ஏழு நாளுக்குள் விரைவில் வளர்ந்துவிடுவது நான்காம் வகை. 1959-ஆம் ஆண்டு வெளியான இந்தப் பாகுபாட்டை மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். இப்பொழுது மரபணுவைப் படித்தே இனத்தைச் சொல்லிவிடுகிறோம். ஆயினும் ஓர் ஒளிவிளக்கையும் நாட்காட்டியையும் கொண்டு குழப்பத்தில் ஒழுங்கு கண்ட அந்தப் பொறுமையை நான் இன்றும் வணங்குகிறேன்.

இந்தக் கதையில் நம் தமிழ்நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. காசநோயைத் தடுக்கப் பி.சி.ஜி. என்னும் அம்மை குத்தும் வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். 1950-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தொடங்கிய சோதனையில், பள்ளியை விட்டு வெளிவரும் பருவத்துப் பிள்ளைகளுக்கு அது முக்கால் பங்குக்கும் மேலான பாதுகாப்பை அளித்தது. நம் நாட்டில் அதன் பயன் எவ்வளவு என்று அறிய, 1968-ஆம் ஆண்டு செங்கற்பட்டு மாவட்டத்தில் ஒரு மாபெரும் சோதனை தொடங்கப்பட்டது. கிராமம் கிராமமாகச் சென்று, இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்கு அம்மையோ, அம்மைபோல் தோன்றும் வெறும் நீரோ குத்தப்பட்டது. யாருக்கு எது கிடைத்தது என்பது குத்தியவருக்கும் தெரியாது, குத்திக்கொண்டவருக்கும் தெரியாது. பிறகு ஆண்டுக்கணக்கில் அம்மக்களைத் தொடர்ந்து கவனித்தனர்.

1979-ஆம் ஆண்டு முடிவு வெளியாயிற்று. பெரியவர்களின் நுரையீரல் காசத்தைத் தடுப்பதில் அம்மை குத்தியவர்களுக்கும் குத்தாதவர்களுக்கும் வேற்றுமை இல்லை! உலகம் முழுவதும் அதிர்ச்சி. பதினைந்தாண்டுக் கணக்கு 1999-ஆம் ஆண்டு வெளியானபோதும் பெரியவர்களைப் பொறுத்தவரை அதே முடிவுதான். அங்கே பயன்பட்ட மருந்து இங்கே ஏன் பயன்படவில்லை?

பல காரணங்கள் ஆராயப்பட்டன. அவற்றுள் முக்கியமான ஒன்று நம் பங்காளிகளைப் பற்றியது. செங்கற்பட்டுக் கிராம மக்களின் தோலில் சோதித்துப் பார்த்தபோது, பெரும்பாலோர் இளமையிலேயே மண்ணிலும் நீரிலும் வாழும் மைக்கோபாக்டீரியங்களோடு பழகியிருந்தது தெரிந்தது. நம் வெப்ப நாட்டு ஈர மண்ணில் இக்கிருமிகள் மிகுதி. வெறுங்காலோடு வயலில் இறங்குகிறோம், குளத்தில் முழுகுகிறோம். அதனால் உடல் ஏற்கெனவே ஓரளவு பாடம் கற்றிருக்கிறது. படித்த பாடத்தையே மறுபடியும் போதித்தால் மாணவனுக்குப் புதிதாக என்ன வந்துவிடும்? 1966-ஆம் ஆண்டிலேயே பாமர், லாங் என்னும் இருவர் கினி எலிகளிடம் இதுபோன்ற விளைவைக் காட்டியிருந்தார்கள். பங்காளிக் கிருமிகளை முன்னரே பெற்ற எலிகளுக்குக் காசத்தை எதிர்க்கும் சக்தி சிறிது வந்திருந்தது; அவற்றுக்குப் பி.சி.ஜி. குத்தியதால் கிடைத்த கூடுதல் நன்மை குறைவே. இந்த ஒரு விளக்கத்தோடு விவாதம் முடிந்துவிடவில்லை. எனினும் கண்ணுக்குத் தெரியாத மண் கிருமிகள் ஒரு நாட்டின் சுகாதாரத் திட்டத்தையே பாதிக்கலாம் என்ற எண்ணத்தை உலகுக்கு அழுத்தமாக உணர்த்தியது செங்கற்பட்டுச் சோதனை. ஒன்று மட்டும் மறவாதீர்கள். பச்சைக் குழந்தைகளுக்கு மூளைக் காசம் போன்ற கொடிய வகைகள் வராமல் பி.சி.ஜி. காக்கிறது. ஆகவே பிறந்த குழந்தைக்கு அதைத் தவறாமல் குத்த வேண்டும்.

சென்னையின் கடிதம் கிடைத்தபின் நான் ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கினேன். மருந்து உண்டும் சளியில் செந்நிறம் நீங்காத ஒவ்வொரு நோயாளியின் சளியையும் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினேன். வந்த பதிலையும், நோயாளியின் தொழிலையும், பழைய நோய்களையும், எக்ஸ்-ரே படத்தின் தோற்றத்தையும் எழுதிவைத்தேன். எனது ஆராய்ச்சி என்பது இவ்வளவே. அந்த நோட்டின் முதற் பக்கத்தில் மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டேன். இது எந்தக் கிருமி? இதுதான் நோய்க்குக் காரணமா? இதற்கு மருந்து தரவேண்டுமா?

முதற் கேள்விக்கு விடை காண்பது வரவர எளிதாயிற்று. காசக் கிருமியின் மரபணுவை மட்டும் தேடி இரண்டு மணி நேரத்தில் விடை கூறும் பொறிக்கு 2010-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் ஒப்புதல் அளித்தது. சளியில் செந்நிறக் குச்சிகள் நிறைய இருக்கின்றன. பொறியோ காசக் கிருமி இல்லை என்கிறது. அப்படியானால் பங்காளி வந்திருக்கிறான் என்று ஐயுற வேண்டும்.

இரண்டாம் கேள்வி கடினமானது. மண்ணிலும் நீரிலும் உள்ள கிருமி ஆகையால், சளியைக் கொப்பளித்துத் துப்பிய தண்ணீரிலிருந்தே அது வந்திருக்கலாம். அல்லது தீங்கு செய்யாமல் சிலகாலம் தங்கியிருக்கலாம். எனவேதான் மருத்துவர்கள் ஒரு விதி வகுத்திருக்கிறார்கள். நோயின் குறிகள் இருக்க வேண்டும். படத்தில் அதற்கேற்ற மாறுதல் இருக்க வேண்டும். வெவ்வேறு நாளில் எடுத்த குறைந்தது இரண்டு சளிகளிலாவது ஒரே இனக் கிருமி வளர வேண்டும். ஒரு சாட்சியை மட்டும் கேட்டு யாரையும் குற்றவாளி என்று நீதிபதி தீர்ப்பளிக்கலாகாது. மருத்துவனுக்கும் அதே நெறிதான்.

மூன்றாம் கேள்வி இன்னும் கடினமானது. ஏவியத்துக்கு மேக்ரோலைடு வகை மருந்து ஒன்றும், எதாம்பியூட்டாலும், ரிஃபாம்பிசினும் சேர்த்துத் தருகிறோம். சளி தூய்மையான பிறகும் பன்னிரண்டு மாதம் மருந்து தொடர வேண்டும். கண்பார்வையையும் கல்லீரலையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆதலால் நோய் சிறிதாக இருந்து பெருகாமலிருந்தால், மருந்து தராமல் கண்காணிப்பதே நலம் என்று சில நோயாளிகளிடம் சொல்வதுண்டு. மருந்து எழுதாமலிருப்பதும் ஒரு சிகிச்சை என்பதைக் கற்றுக்கொள்ள எனக்குப் பல ஆண்டு பிடித்தது.

ஆராய்ச்சி என்பது சில சமயம் துப்பறியும் கதையாகவே ஆகிவிடும். 2013-ஆம் ஆண்டு ஸ்விட்சர்லாந்தின் சூரிக் நகரத்து மருத்துவர்கள் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். இருதய அறுவை செய்துகொண்ட சிலருக்கு, நெடுநாள் கழித்துக் காய்ச்சலும் மெலிவும் வந்தன. அவர்களிடம் கிமைரா என்னும் இனம் காணப்பட்டது. நோயாளிகளிடையே தொடர்பில்லை; அறுவை நடந்த காலங்களும் வேறு வேறு. பின்னர்த் தேடித் தேடி உண்மையைக் கண்டார்கள். அறுவையின்போது இரத்தத்தின் வெப்பத்தைச் சீர்செய்யும் பொறியொன்றில் தண்ணீர்த் தொட்டி உண்டு. தொட்டி நீர் நோயாளியைத் தொடுவதே இல்லை. ஆனால் பொறியின் விசிறி வீசிய காற்றில் கலந்த நுண்துளிகள், திறந்திருந்த மார்பை எட்டியிருந்தன. பல நாடுகளில் இதனால் உயிர்கள் போயின. சந்தேகமே தோன்றாத இடத்திலும் தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டும் என்பது அதன் பாடம்.

விரைவில் வளரும் வகையில் அப்செசஸ் என்று ஓர் இனம் இருக்கிறது. பங்காளிகளுள் மிகவும் முரடன். பெரும்பாலான மருந்துகளுக்கு அடங்காதவன். மேனாட்டாரிடையே மிகுதியாகக் காணும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பரம்பரை நோய் உடையவர்களின் நுரையீரலை இது பற்றுகிறது. பங்காளிகள் மனிதனிடமிருந்து மனிதனுக்குப் பரவுவதில்லை என்பதே பொது விதி. அந்த நோயாளிகளிடையே மட்டும் இந்த முரடன் பரவியிருக்கலாம் என்று 2013, 2016-ஆம் ஆண்டுகளில் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் மரபணுச் சான்று காட்டினர்.

இந்த முரடனை அடக்கிய கதை மாணவர்களாகிய உங்களுக்கே உரியது. கிருமிகளை உண்ணும் கிருமிகளும் உண்டு. ஃபேஜ் என்று அவற்றுக்குப் பெயர். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்துப் பேராசிரியர் கிரகாம் ஹாட்ஃபுல், மண்ணிலிருந்து ஃபேஜ்களைக் கண்டெடுக்கும் வேலையைக் கல்லூரி மாணவர்களிடமே ஒப்படைத்தார். அவர்கள் தோட்டத்திலும் குப்பைமேட்டிலும் தேடி ஆயிரக்கணக்கில் சேகரித்தார்கள். 2010-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், அழுகிக் கிடந்த ஒரு கத்தரிக்காயின் அடிப்புறத்திலிருந்து ஒன்று கிடைத்தது. அதற்குச் சேறு என்று பொருள்படும் பெயரிட்டுப் பெட்டியில் பத்திரப்படுத்தினர். அதனால் யாருக்கு என்ன பயன் என்று அப்பொழுது யாருக்கும் தெரியாது.

எட்டு ஆண்டு கழிந்தது. இலண்டனில் நுரையீரல் மாற்று அறுவை செய்துகொண்ட பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் உடலெங்கும் அப்செசஸ் பரவியது. மருந்துகள் கைவிட்டன. மருத்துவர்கள் பிட்ஸ்பர்க்குக்கு எழுதினார்கள். சேகரித்தவற்றையெல்லாம் சோதித்ததில், அச்சிறுமியின் கிருமியை நன்றாகக் கொல்லக்கூடியது கத்தரிக்காயில் கிடைத்த அந்த ஃபேஜ்தான். மற்றும் இரண்டைத் திருத்தியமைத்து, மூன்றையும் சேர்த்து 2018-ஆம் ஆண்டு அவளுக்குச் செலுத்தினர். ஆறாத புண்கள் ஆறத் தொடங்கின. படுக்கையிலிருந்தவள் வீடு திரும்பிப் பள்ளிக்கும் சென்றாள். கிருமி முழுவதும் ஒழிந்ததென்று கூறமுடியவில்லை. எனினும் கைவிடப்பட்டிருந்த ஓர் உயிருக்கு வாழ்நாள் நீண்டது. 2019-ஆம் ஆண்டு இச்செய்தி வெளியாயிற்று. கத்தரிக்காயைப் புரட்டிப் பார்த்த நாளில் இதை யார் நினைத்திருக்கக் கூடும்?

மாணவச் செல்வங்களே! மீண்டும் என் கதைக்கு வருகிறேன். கடிதம் வந்த அன்றே அந்த அம்மையாரையும் அவருடைய மகனையும் வரவழைத்தேன். என் கணிப்பு தவறு என்பதை மறைக்காமல் சொன்னேன். மகன் சிறிது நேரம் பேசவில்லை. அம்மையார் கோபிக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"தம்பி, அப்படியானால் இது பிள்ளைகளுக்கு ஒட்டாதா?"

"ஒட்டாது அம்மா."

"என் தட்டை உள்ளே எடுத்து வைக்கலாமா?"

"இன்றைக்கே வைக்கலாம் அம்மா."

அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் தலை குனிந்துகொண்டேன். ஏனெனில், அது உண்மையிலேயே காசநோயாக இருந்திருந்தாலும் அத்தனை நாள் அந்தத் தட்டைத் தனியே வைத்திருக்க வேண்டியதில்லை. காசநோய் மூச்சுக்காற்றால் பரவுவது. தட்டாலும் தம்ளராலும் பரவுவதன்று. 1956-ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம், வீட்டிலிருந்தபடியே மருந்துண்டால் மருத்துவ விடுதியில் இருப்பதற்கு இணையாகக் குணமாகும் என்பதை 1959-ஆம் ஆண்டிலேயே உலகுக்குக் காட்டியது. அதனால் வீட்டிலுள்ளவர்களுக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்பதையும் ஐந்தாண்டு ஆய்வின்பின் 1966-இல் நிலைநாட்டியது. நம் ஊர் ஆராய்ச்சி உலகுக்கு வழிகாட்டியிருக்க, நம் ஊர்த் திண்ணையில் ஒரு தாய் தனித் தட்டில் உண்டுகொண்டிருந்தாள். இதை எடுத்துச் சொல்லாத பிழையும் என்னுடையதே.

புதிய மருந்துகள் தொடங்கினோம். ஐந்தாம் மாதத்தில் சளி தூய்மையாயிற்று. ஓராண்டு அதே நிலை நீடித்தது. கடைசி முறை அவர் வந்தபோது கூடவே பேத்தியும் வந்திருந்தாள். பாட்டியின் மடியில் உட்கார்ந்துகொண்டு என் மேசையிலிருந்த கண்ணாடிச் சில்லுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அம்மையார் வேண்டாமென்று அவள் கையைப் பிடித்தாரேயன்றி, அவளைத் தள்ளி உட்காரச் சொல்லவில்லை.

உங்களில் சிலர் நாளை மருத்துவராகலாம். சிலர் ஆய்வுக்கூடத்தில் பணிபுரியலாம். மற்றும் சிலர் வேறு துறைகளுக்குச் செல்லலாம். எங்கே சென்றாலும், முன்பே தெரிந்த விடையோடு கேள்வியை அணுகாதீர்கள். எதிர்பார்த்தபடி முடிவு வராதபோது எதிரில் இருப்பவரைக் கடிந்துகொள்ளுமுன், உங்கள் கணிப்பை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அந்தத் துணி மூட்டையில் இருந்த வெறும் மாத்திரைத் தாள்கள் எனக்கு அதைத்தான் சொல்லின. நான் கேட்கச் சற்றுக் காலம் தாழ்த்திவிட்டேன். நீங்கள் தாழ்த்தவேண்டாம்.